பேண்டன் டியூன்ஸ் காற்றில் எங்களால் ஆட முடியுமா, முன்பதிவை ரத்து செய்துவிடலாமா?

கேள்வி: "வரும் ஜூலையில் நானும் கணவரும் ஒரேகான் கடற்கரையில் உள்ள பேண்டன் டியூன்ஸ் கோல்ஃப் ரிசார்ட்டுக்குப் போக முன்பதிவு செய்திருக்கிறோம். நாங்கள் ஆடத் தொடங்கி நான்கு வருடங்கள்தான் ஆகின்றன. 'அந்தக் காற்றில் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது, பணத்தைக் கொடுத்து அவமானத்தை வாங்கி வருவீர்கள்' என்கிறார் ஒரு நண்பர். ரத்து செய்துவிடலாமா?"

ரத்து செய்யாதீர்கள். வேறு யாராவது கேட்டிருந்தால் பேசாமல் கடந்து போயிருப்பேன். 'அவமானம்' என்ற சொல்லைப் பார்த்த பிறகு முடியவில்லை.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். நான் பயிற்சியாளர் இல்லை. நாற்பத்தொரு வயதில் மட்டையைத் தொட்டவள், ஹேண்டிகேப் 26, அதாவது சுமாரான ஆட்டக்காரிதான். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் ஆடியவர்கள் வந்து "இதெல்லாம் ஒரு காற்றா" என்று எழுதக்கூடும். எழுதட்டும். ஆடத் தொடங்கிச் சில வருடங்களே ஆன ஒருவருக்கு அந்தக் காற்று எப்படி இருக்கும் என்பதுதான் இங்கே கேள்வி, அது எனக்குத் தெரியும்.

மூன்று வருடங்களுக்கு முன் நாங்கள் நால்வர் போனோம். மற்ற மூவரும் அலுவலக நண்பர்கள், ஆண்கள். போர்ட்லண்டு வரை விமானம், அங்கிருந்து காரில் நாலரை மணி நேரம். முதல் நாள் பிற்பகலே அந்த ரிசார்ட்டின் திடல்களில் ஒன்றான பசிபிக் டியூன்ஸில் நேரம் கிடைத்தது. 2001இல் டாம் டோக் வடிவமைத்துத் திறந்த திடல் அது. அங்கே பேட்டரி வண்டி கிடையாது, எல்லோரும் நடக்க வேண்டும். பையைச் சுமந்து வழி சொல்ல ஒரு கேடியை அமர்த்தியிருந்தேன். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், அதிகம் பேசாதவர். நான் புல்லைக் கிள்ளிப் பறக்கவிட்டுக் காற்று பார்த்தேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. மணல் மேட்டின் உச்சியில் நின்ற நெடும்புல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைத்தான் பார்த்தார். பந்து போகும் உயரத்தில் இருக்கும் காற்றுதான் கணக்கு, காலடியில் இருப்பது இல்லை என்று பிறகு புரிந்தது.

கோடைக்காலத்தில் அங்கே காற்று வடக்கிலிருந்து வரும். காலையில் அடங்கியிருந்து, மதியத்துக்கு மேல் வலுக்கும். குளிர்காலப் புயல் நாட்களில் தெற்கிலிருந்து அடிக்கும். நீங்கள் போவது ஜூலை என்பதால் வடக்கை மட்டும் மனதில் வையுங்கள். பசிபிக் டியூன்ஸில் 4ஆவது குழிக்கான பாதை தெற்கு நோக்கிப் போகிறது. வலப்பக்கம் செங்குத்தாகக் கடல். காற்று முதுகைத் தள்ள, என் வாழ்நாளில் அதுவரை போகாத தூரம் பந்து போனது. அந்தச் சந்தோஷத்திலேயே 10 வரை வந்துவிட்டேன்.

11ஆவது குழியில்தான் விஷயம். கடலோரமாகவே வடக்கு நோக்கிப் போகும் சின்ன பார் 3, அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டிய குழி. முதல் அடி அடிக்கும் இடமான டீக்களில் ஆகப் பின்னால் இருப்பதிலிருந்து அளந்தாலும் 148 கஜம்தான். நான் நின்ற டீயிலிருந்து நூறுக்குச் சற்று மேல். வழக்கமாக அந்தத் தூரத்துக்கு 8 அயர்ன் மட்டையை எடுப்பேன். எண் குறையக் குறைய மட்டை பெரிது, பந்து அதிகத் தூரம் போகும். கேடிப் பெரியவர் 6 அயர்னை உருவி நீட்டினார். எங்கள் நால்வரில் ஒருவர், "இந்தத் தூரத்துக்கா?" என்று சத்தமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே 6 அயர்னைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 8ஐ எடுத்து என் முழு பலத்தையும் போட்டு அடித்தேன். பந்து நன்றாகத்தான் பட்டது. மேலே ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது, பிறகு முன்னே நகர்வதை நிறுத்திவிட்டு நேர்கீழே இறங்கியது. குழியைச் சுற்றியுள்ள கிரீன் என்னும் புல்தரைக்கு இருபது கஜம் முன்னால், பங்கர் என்னும் மணல் பள்ளத்தில் பாதி புதைந்து கிடந்தது.

காரணம் எளிது, எனக்கு அன்று தெரியாது. பலமாக அடிக்க அடிக்கப் பந்தின் பின்சுழற்சி கூடும். சுழற்சி கூடினால் எதிர்க்காற்று பந்தை மேலே தூக்கும், மேலே காற்று இன்னும் பலம். அதனால்தான் எதிர்க்காற்றில் பறிபோகும் தூரம், அதே காற்று முதுகில் இருக்கும்போது கிடைக்கும் தூரத்தைவிட அதிகம். பெரிய மட்டையை எடுத்து, பிடியை இரண்டு அங்குலம் கீழே இறக்கி, முக்கால் வீச்சில் மெதுவாக அடிப்பதுதான் வழி. சிரித்தவருக்காக இன்னொன்றும் சொல்கிறேன். 1992 யு.எஸ். ஓப்பன் கோல்ஃப் போட்டியின் கடைசி நாளில், பெபிள் பீச் திடலின் 107 கஜ 7ஆவது குழியில் டாம் கைட் என்ற தொழில்முறை ஆட்டக்காரர் எடுத்தது 6 அயர்ன். பந்து கிரீனுக்கு வெளியே போனது, அங்கிருந்தே சின்ன அடியாகத் தூக்கிக் குழிக்குள் போட்டார், பட்டத்தையும் வென்றார். அவருக்கே அந்தத் தூரத்துக்கு 6 அயர்ன் தேவைப்பட்டிருக்கிறது.

13ஆவது குழியும் எதிர்க்காற்றுதான். இடப்பக்கம் கடல், வலப்பக்கம் மலை போல மணல்மேடு. நான் நான்காவது அடிக்குத் தயாராகும்போது, 11ஆவது குழியில் சிரித்த அதே நபர், "பின்னால் ஒரு குழு காத்திருக்கிறது, பந்தை எடுத்துக்கொண்டு நடந்து வாருங்களேன்" என்றார். எடுத்துவிட்டேன். தொண்டை அடைத்தது. அடுத்த அரைமணி நேரத்துக்குள் அவர் பந்து கோர்ஸ் (gorse) என்னும் புதரில் விழுந்தது. மஞ்சள் பூவும் முள்ளுமாக மண்டிக் கிடக்கும் செடி அது. அயர்லாந்திலிருந்து கொண்டுவந்து நட்டது, 1936 செப்டம்பரில் பேண்டன் ஊரே எரிந்தபோது தீயை அவ்வளவு வேகமாகப் பரப்பியதும் அதன் எண்ணெய்ப் பசைதான். அதற்குள் கையை விட்டால் தோல் மிஞ்சாது. 2019 முதல் பந்து தேட விதி தருவது மூன்று நிமிடம். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், அவர் எடுத்துக்கொண்டது ஏழு நிமிடம். அப்போது பின்னால் நின்ற குழு யார் கண்ணுக்கும் தெரியவில்லை. இதை அற்பமான கணக்கு என்று நீங்கள் நினைக்கலாம். கலப்புக் குழுவில் ஆடும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள், ஒவ்வொருவரிடமும் இப்படி ஒரு கணக்கு இருக்கும். தாமதத்துக்குக் காரணம் யார் என்று பார்க்கும் முன்பே எல்லோர் பார்வையும் எங்கள் மேல் திரும்பிவிடுகிறது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் உங்களுக்குப் பயன்படும். திரும்பும்போது விமான நிறுவனம் என் டிரைவர் மட்டையைக் கழுத்தோடு ஒடித்துக் கொடுத்தது. படிவம் நிரப்பினேன். ஏழு வருடம் முன்பு வாங்கியதற்கு ரசீது கேட்டார்கள், தேடி எடுத்து அனுப்பினேன். நான்கு மாதம் கழித்து, துணிப் பையில் வைத்த விளையாட்டுப் பொருளுக்குப் பொறுப்பேற்க மாட்டோம் என்று இரண்டு வரி வந்தது. பையை வாங்கி நாடாவில் ஏற்றும்போது இதை ஒருவரும் சொல்லவில்லை. கெட்டியான பெட்டியில் கொண்டு போங்கள்.

மறுநாள் பேண்டன் டிரெயில்ஸ். கடலை விட்டு உள்ளே காட்டுக்குள் போகும் திடல், மரங்கள் காற்றை மறித்துவிடும். உங்கள் பயணத்திலும் நடுவில் இப்படி ஒரு நாள் இருக்கட்டும். அன்று மாலை பெரியவரிடம், "நாளைக்கு நீங்கள் கொடுக்கும் மட்டையை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்கிறேன்" என்றேன். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: ஸ்கோர் அட்டை எழுதக் கூடாது.

மூன்றாம் நாள் மீண்டும் பசிபிக் டியூன்ஸ். அட்டை இல்லை. சிரித்தவர் வேறு திடலுக்குப் போயிருந்தார். பந்தைத் தரையோடு ஓட்டக் கற்றுக்கொண்டேன். அங்கே இருப்பது ஃபெஸ்க்யூ புல், அடியில் மணல், தரை கெட்டியாக இருக்கும். கிரீனுக்கு முப்பது கஜம் வெளியிலிருந்தும் பட்டரால் உருட்டலாம். வெட்ஜால் தூக்கி அடித்துக் காற்றுக்குக் கொடுப்பதைவிட அது எவ்வளவோ மேல். பட்டரால் உருட்டும்போது காலைக் கொஞ்சம் அகட்டி நின்றுகொள்ளுங்கள், காற்று ஆளையே அசைக்கும். கிரீனில் காற்று பந்தை நகர்த்தினால் பதற வேண்டாம். ஏற்கனவே குறியிட்டு எடுத்துத் திரும்ப வைத்த பந்து என்றால் பழைய இடத்திலேயே வைக்க வேண்டும், இல்லையென்றால் போய் நின்ற இடத்திலிருந்து ஆட வேண்டும். இரண்டிலும் அபராதம் இல்லை.

அன்றும் 11ஆவது குழியில் காற்று குறையவில்லை. கொடிக்கம்பம் வளைந்து நின்றது. பெரியவர் அதே 6 அயர்னை நீட்டினார். வாங்கி, பாதி வீச்சில் அடித்தேன். பந்து இடுப்புயரத்துக்குச் சற்று மேலேதான் போனது போல இருந்தது. கிரீனுக்கு முன்னால் விழுந்து, இரண்டு குதி குதித்து, உருண்டு ஏறிக் குழியிலிருந்து பன்னிரண்டு அடியில் நின்றது. பட்டரால் இரண்டு உருட்டில் முடித்தேன். மொத்தம் மூன்று அடி, அந்தக் குழிக்கு விதித்த எண்ணிக்கையே. பெரியவர் மட்டையை வாங்கித் துண்டால் துடைத்துப் பையில் வைத்தார், ஒன்றும் சொல்லவில்லை. நான் கடல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

மற்ற நாட்களில் என் ஸ்கோர் எவ்வளவு என்று கேட்பீர்களானால், மோசம்தான். அதை அவமானம் என்று சொல்ல எனக்கு இன்றும் வாய் வரவில்லை. ஷீப் ராஞ்ச் என்று 2020இல் திறந்த திடல் ஒன்று அங்கே இருக்கிறது. அதில் மணல் பங்கரே கிடையாது, பள்ளங்களில் புல்தான். காற்று மணலை அள்ளிக்கொண்டு போய்விடும் என்று அதைக் கட்டியவர்களே காற்றுக்கு வழிவிட்டிருக்கிறார்கள். நான்கு வருடம் ஆடிய உங்களிடம் அதைவிட அதிகமாக யார் எதிர்பார்க்க முடியும்?

காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள். உள்ளே ஒரு கம்பளிச் சட்டை, மேலே காற்றுப் புகாத மேல்சட்டை. ஜூலை என்று நம்பி மெல்லிய உடையோடு போகாதீர்கள். தொப்பி காதை மூட வேண்டும். முதல் நாளே கேடி அமர்த்துங்கள், பிடித்திருந்தால் கடைசி நாளுக்கும் அவரையே கேளுங்கள். 11ஆவது குழிக்கு வந்ததும் வழக்கத்தைவிட இரண்டு மட்டை பெரிதாக எடுங்கள். பக்கத்தில் யார் சிரித்தாலும் அதைத் திருப்பி வைக்காதீர்கள்.