மரியாடிபியில் திரெட் பூல் அளவை எவ்வளவு வைப்பது?

ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டங்களின் கொழுந்துக் கணக்கு மரியாடிபி தரவுத்தளத்தில் ஓடும் 4 கோர் லினக்ஸ் சர்வர், அந்தி நிறுவை நேரத்தில் 300 இணைப்பு வந்ததும் திணறுகிறது, திரெட் பூல் (எல்லா இணைப்புகளின் வேலையையும் பகிர்ந்து செய்யும் திரெட்களின், அதாவது வேலை இழைகளின், தொகுப்பு) அளவை 300 ஆக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு நான்குதான் என்றால், நிறுக்க முந்நூறு பேரை நிறுத்தினாலும் வேலை நகராது, இடிபடுவதுதான் மிச்சம்.

வழக்கமாக லினக்ஸில் மரியாடிபி ஒவ்வொரு இணைப்புக்கும் தனி திரெட் ஒதுக்கும், அதனால் முதலில் திரெட்_ஹேண்ட்லிங்கை பூல்-ஆஃப்-திரெட்ஸ் என்று மாற்றுங்கள். திரெட்_பூல்_சைஸ், அதாவது பூலில் உள்ள திரெட் குழுக்களின் எண்ணிக்கை, தானாகவே கோர் எண்ணிக்கையை, அதாவது 4-ஐ எடுத்துக்கொள்ளும், அதைத் தொடாதீர்கள். அப்புறம், மாதச் சம்பள ரிப்போர்ட் மாதிரி நீண்ட குவெரி (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி) ஒன்று அந்தக் குழுக்களில் ஒன்றை அடைத்துக்கொண்டால், திரெட்_பூல்_ஸ்டால்_லிமிட்டில் உள்ள 500 மில்லிசெக்கன் கழித்துத்தான் அடுத்த திரெட் எழும். அதைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். எக்ஸ்ட்ரா_போர்ட்டும் (இணைப்புக்கான கூடுதல் வாசல்) கட்டாயம் வையுங்கள், பூல் முழுக்க அடைபட்டால் உள்ளே நுழைய அதுதான் வழி.