நிலவறைக்குள் போகலாமா?

அன்புள்ள சார்,

பேய்ப்படம் என்று பேச்சு வந்தாலே ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’டைத் தூக்கி வைத்து எழுதுகிறீர்கள். நம்பி யூடியூபில் பார்த்தேன். பாதி நேரம் யார் எங்கே நிற்கிறார்கள் என்றே தெரியாத இருட்டு. நாடக மேடை நடிப்பு. கதாநாயகி முக்கால்வாசிப் படம் சோபாவில் உறைந்துபோய் உட்கார்ந்திருக்கிறாள். ஜோம்பிகளோ, அதாவது எழுந்து நடக்கும் பிணங்களோ, ஆமை வேகம், எழுந்து ஓடினால் தப்பிவிடலாம். பட்ஜெட் கம்மி என்பதற்காக இவ்வளவு சலுகையா?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

சலுகையெல்லாம் வேண்டாம். ஆனால் அந்த இருட்டை மட்டும் இயக்குநர் ஜார்ஜ் ரொமெரோ தலையில் கட்டாதீர்கள். 1968இல் படம் வெளிவரும் நேரத்தில் விநியோகஸ்தர்கள் அதன் பெயரை மாற்றினார்கள். பழைய டைட்டில் கார்டில் காப்புரிமை வரி இருந்தது, புதியதில் விட்டுப்போயிற்று. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த வரி இல்லையென்றால் உரிமையும் இல்லை. கண்டவர்களும் பிரதி போட்டு விற்றார்கள். நகலுக்கு நகல், அதற்கும் ஒரு நகல். உங்களுக்குக் கிடைத்தது அந்த வம்சத்தில் வந்த ஒன்றாக இருக்கும். மூல நெகட்டிவிலிருந்து மீட்டெடுத்த பிரதி 2016இல் வந்தது. அதைத் தேடிப் பாருங்கள், நிழல்களுக்குள் முகங்கள் தெரியும்.

சுமார் 1,14,000 டாலர் செலவு. எடுத்தவர்கள் பிட்ஸ்பர்கில் விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள். இடிக்கப்படவிருந்த ஒரு பண்ணை வீடு கிடைத்தது, அதனால் இஷ்டத்துக்கு ஆணி அடிக்க முடிந்தது. ரத்தம் என்பது சாக்லேட் சிரப். கறுப்பு வெள்ளையில் யாருக்குத் தெரியப்போகிறது? இதையெல்லாம் நான் குறையாகவே எண்ணுவதில்லை.

குறைகள் எழுத்தில் இருக்கின்றன. கதாநாயகி பார்பரா விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. கல்லறையிலிருந்து தப்பி ஓடிவரும்வரை அவள்தான் படம். கதாநாயகன் பென் வந்ததும் அவளை ஓரமாக உட்காரவைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். திருத்தி எழுதக் காசு தேவையில்லையே! வீனஸ் கிரகத்துக்குப் போய்த் திரும்பிய விண்கலத்தின் கதிர்வீச்சுதான் பிணங்கள் எழுந்ததற்குக் காரணம் என்று தொலைக்காட்சியில் விளக்குவதும் வெட்டியிருக்க வேண்டிய பகுதி. நீங்கள் கவனிக்காத ஒன்றும் உண்டு: கல்லறையில் வரும் முதல் ஆள் கிட்டத்தட்ட ஓடுகிறான், கல்லை எடுத்துக் கார் கண்ணாடியை உடைக்கிறான். அப்புறம் வருகிறவர்கள் பெரும்பாலும் தள்ளாடுகிறார்கள். விதிகளைப் போகிற போக்கில் முடிவு செய்திருக்கிறார்கள்.

சரி, பிறகு ஏன் தூக்கி வைக்கிறேன்? பிணங்கள் சூழ்ந்துகொள்ள, அந்தப் பண்ணை வீட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்குள் நடக்கும் சண்டைக்காக. எல்லோரும் நிலவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வோம், ஒரே கதவுதான் என்கிறான், மனைவி மகளோடு அங்கே இருக்கும் கூப்பர். அங்கே போனால் வெளியேற வழியில்லை, மேலேயே இருந்து ஜன்னல்களை அடைப்போம் என்கிறான் பென். பென் நிதானமானவன், கைவேலை தெரிந்தவன். கூப்பர் கத்துகிறான், சிடுசிடுக்கிறான், கோழை. நாம் உடனே பென் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். இப்போது கணக்குப் பாருங்கள். லாரிக்குப் பெட்ரோல் போட்டுத் தப்பிக்கும் பென்னின் திட்டத்தில், கூட இருந்த இளம் ஜோடி எரிந்து சாகிறது. பலகைகள் தாங்கவில்லை. கூப்பரைச் சுட்டது பென்னேதான். கடைசியில் அவன் விடியும்வரை உயிரோடு இருப்பது எங்கே? அதே நிலவறையில், கதவை அடைத்துக்கொண்டு. கூப்பர் சொன்னதுதான் சரி! (அங்கேயே அவன் மகள் கடிபட்டுக் கிடந்தாள் என்பது வேறு விஷயம்.) மூன்றாம் முறை பார்க்கும்போதுதான் எனக்கு இது உறைத்தது. கூப்பரின் குரல் பிடிக்காததால் அவன் சொன்னதை நானும் காதில் வாங்கவில்லை.

பென்னாக நடித்த டுவேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர். வசனத்தில் ஓர் இடத்திலும் அது பேசப்படுவதில்லை. அந்தப் பாத்திரத்தை முரட்டு லாரி டிரைவராக எழுதியிருந்தார்கள், வசனத்தை மாற்றி அவனை நிதானமானவனாக ஆக்கியவர் ஜோன்ஸ்தான். காலையில் துப்பாக்கியும் நாய்களுமாக வரும் வெள்ளைக்காரக் கும்பல், ஜன்னலில் தெரியும் பென்னை நடமாடும் பிணமென்று நினைத்துச் சுடுகிறது. படத்தின் பிரதியை எடுத்துக்கொண்டு நியூயார்க்குக்குக் காரில் போகும்போதுதான் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட செய்தியை ரேடியோவில் கேட்டதாக ரொமெரோ பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதை மனதில் வைத்து எடுத்த கிளைமாக்ஸ் அல்ல இது. அந்த ஆண்டு அமெரிக்கத் தியேட்டர்களில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அப்படியா தெரிந்திருக்கும்?

ஓடித் தப்பிக்கலாம் என்கிறீர்கள். நடு இரவு, சுற்றிலும் வயல், எந்தப் பக்கம் ஓடுவீர்கள்?

நல்ல பிரதி கிடைத்தால் கடைசி இரண்டு நிமிடங்களைத் தவறவிடாதீர்கள். பத்திரிகைப் படங்கள்போலப் புள்ளி புள்ளியான புகைப்படங்கள் வரும், பென்னின் உடலைக் கொக்கிகளால் இழுத்துப்போவார்கள். மேலே பெயர்கள் ஓடுவதால் படம் முடிந்துவிட்டதென்று முதல்முறை நான் எழுந்துபோய்விட்டேன்.