கேரவனில் மறுபடி ஒழுகும் ஹீட்டர்: பொறுப்பு யாருடையது?

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கிறேன். காரின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் புதிய கேரவன் ஒன்றை ஐந்து மாதங்களுக்கு முன் 24,000 பவுண்டுக்கு வாங்கினேன். முன்பணம் 500 பவுண்டைக் கிரெடிட் கார்டிலும், மீதியை வங்கி வழியாகவும் செலுத்தினேன். மூன்றாம் மாதம் வாட்டர் ஹீட்டர் ஒழுகியது. விற்பனையாளர் பழுதுபார்த்துத் தந்தார். இப்போது அதே இடத்தில் மறுபடி ஒழுகுகிறது. "தண்ணீரை வடிக்காமல் விட்டதால் உறைபனியில் தொட்டி விரிசல் விட்டிருக்கிறது. ஹீட்டர் வாரண்டிக்கு அதைத் தயாரித்தவர்களிடம் கேளுங்கள்" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: வாரண்டியைச் சற்று ஒதுக்கி வையுங்கள். அது தயாரிப்பாளர் கூடுதலாகத் தரும் வாக்குறுதி மட்டுமே. உங்களுடைய முதன்மையான உரிமை 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டத்திலிருந்து வருகிறது. அந்த உரிமை உங்களிடம் பணம் வாங்கிய விற்பனையாளருக்கு எதிரானது. ஹீட்டரை யார் தயாரித்திருந்தாலும், நீங்கள் வாங்கியது ஹீட்டர் பொருத்திய கேரவன் என்பதால், அதன் தரத்துக்கு அவரே பொறுப்பு. வாரண்டி அட்டையைக் காட்டி அவர் இதிலிருந்து நழுவ முடியாது.

காரணமின்றிக் கேரவனைத் திருப்பிவிட முடியாது. குறையுள்ள பொருளை உடனே நிராகரிக்கும் 30 நாள் காலமும் கடந்துவிட்டது. ஆனால் ஒருமுறை பழுதுபார்த்த பின்னும் குறை தீரவில்லையென்றால், விலைக் குறைப்பையோ, கேரவனைத் திருப்பித் தந்து பணத்தையோ நீங்கள் கேட்கலாம். பொருள் கைக்கு வந்த ஆறு மாதங்களுக்குள் தெரியவரும் குறை, அதை ஒப்படைத்த அன்றே இருந்ததாகச் சட்டம் கொள்ளும்; எனவே உறைபனிதான் காரணம் என்று நிரூபிக்கும் சுமை அவருடையது. கடுங்குளிரில் தானாகத் திறந்து தண்ணீரை வெளியேற்றும் வால்வு உங்கள் ஹீட்டரில் உண்டா, அது வேலை செய்ததா என்று எழுத்தில் கேளுங்கள். கழற்றிய பாகத்தை அவரிடமே விட்டுவிடாமல் கேட்டு வாங்கி வையுங்கள். இத்தகைய வழக்குகளில் பழைய பாகம் "தொலைந்துபோவது" வழக்கமான கதை.

இன்னொரு காரணத்துக்காகவும் ஆறு மாதக் கெடு முக்கியம். அதற்குள் நிராகரித்தால், பயன்படுத்தியதற்கென்று பணத்தில் பிடித்தம் செய்ய முடியாது. மோட்டார் வாகனங்களுக்கு மட்டும் இதில் விதிவிலக்கு உண்டு; இழுத்துச் செல்லும் கேரவனுக்குச் சொந்த எஞ்சின் இல்லாததால் அது அந்த வகையில் சேராது என்பது என் கருத்து. ஆகவே இந்த மாதத்துக்குள் மின்னஞ்சலில் தெளிவாக நிராகரியுங்கள். அதன் பிறகு அதில் பயணம் போகாதீர்கள்.

கிரெடிட் கார்டில் கட்டிய 500 பவுண்டை அற்பமாக எண்ண வேண்டாம். 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேலும் 30,000 பவுண்டுக்கு மிகாமலும் இருந்து, விலையின் ஒரு பகுதியைக் கார்டில் கட்டியிருந்தாலே, கார்டு நிறுவனமும் முழு இழப்புக்கும் விற்பனையாளருக்கு நிகராகப் பொறுப்பேற்கும். இரு தரப்புக்கும் ஒரே நாளில் எழுதுங்கள்.

நீதிமன்றம் போக நேர்ந்தால், விலைக் குறைப்பாக 10,000 பவுண்டு வரை கேட்கும் கோரிக்கை பொதுவாகச் சிறு வழக்குப் பிரிவில் நடக்கும். அங்கே தோற்றாலும் எதிர்த்தரப்பின் வழக்கறிஞர் கட்டணம் பொதுவாக உங்கள் தலையில் விழாது. முழு விலையையும் கேட்டால் அந்தப் பாதுகாப்பு இல்லை என்பதால், அதற்கு முன் ஹீட்டரைச் சுதந்திரமான பொறியாளர் ஒருவரிடம் காட்டி அறிக்கை வாங்கிவிடுங்கள்.