வளரும் காலுக்கு அளவெடுப்பவர்கள்

கடிதம்:

வணக்கம் அம்மா. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. பிளஸ் டூ படிக்கிறேன், உயிரியலும் கணிதமும் உண்டு. ஏழு வயதுத் தம்பிக்கு மூளை முடக்குவாதம். காலைத் தாங்கிப் பிடிக்க மாட்டும் ஸ்பிளின்ட்டைப் பார்த்தாலே அழுகிறான். அவனைப் போன்ற பிள்ளைகளுக்கான ஆராய்ச்சியில் சேர ஆசை. “டாக்டர் சீட்டு கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் பி.காம். போ” என்கிறார் அப்பா. வெளிநாடு போகாமல் இதில் ஏதாவது செய்ய முடியுமா? பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முடியும். வெளிநாட்டைப் பற்றிக் கேட்டதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். பிறக்கும்போது மூச்சுத்திணறி மூளை பாதிக்கப்பட்ட குழந்தைக்கு இறப்பும், மூளை முடக்குவாதம் போன்ற பாதிப்பும் வராமல் தடுக்க, அதன் உடலைக் குளிர்வித்து வைக்கும் சிகிச்சை ஒன்று உண்டு. வசதியான நாடுகளில் அது நல்ல பலன் தந்தது. அதை இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் 408 குழந்தைகளை இரு பிரிவாக்கிச் சோதித்தார்கள். ஹெலிக்ஸ் என்ற அந்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. இங்கே பலன் தெரியவில்லை. குளிர்வித்த பிரிவில் இறப்பு கூடுதலாகவே இருந்தது. படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் பிள்ளைகளுக்கு எது பொருந்தும் என்பதை இங்கே இருந்துதான் யாராவது பார்த்தாக வேண்டும்.

அப்புறம், உங்கள் தம்பி அழுவது. என் அண்ணன் மகனுக்கும் ஒரு முகாமில் ஸ்பிளின்ட்டுக்கு அளவெடுத்தார்கள். கையில் வந்தது பல மாதம் கழித்து. அதற்குள் கால் வளர்ந்துவிட்டது. இரண்டாம் நாளே குதிகாலில் கொப்புளம். “பிள்ளை இப்படி அழறானே” என்று அண்ணி கழற்றி பீரோ மேல் வைத்தவர், திரும்ப எடுக்கவில்லை. கழற்றி அரை மணி நேரமாகியும் தோலில் சிவப்பு மறையாவிட்டால் ஸ்பிளின்ட்டைத் திருத்த வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. கொடுத்ததோடு சரி, திரும்பி வந்து பார்க்க ஆள் இல்லை. அந்த ஆளாக நீங்கள் வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

அதற்கென்றே பி.பி.ஓ. என்ற பட்டம் இருக்கிறது. செயற்கை உறுப்புகளும் ஸ்பிளின்ட் போன்ற தாங்கு சாதனங்களும் செய்கிற படிப்பு. காலில் மாவுக்கட்டு சுற்றி அச்செடுத்து, அதைக் கொண்டு காலின் வடிவத்தை வார்த்து, சூடாக்கிய பிளாஸ்டிக்கை அதன்மேல் படிய வைப்பார்கள். வெட்டி, தேய்த்து, பிள்ளையை நடக்கவிட்டுப் பார்த்து, மறுபடி தேய்ப்பார்கள். பட்டறையில் வளர்ந்த உங்களுக்கு இது சட்டென்று பிடிபடும். குழந்தைக் கொலுசில், கால் வளருமே என்று இரண்டு வளையம் கூடுதலாகக் கோக்கிறார்களே, அந்த அக்கறை இல்லாமல் செய்த சாதனங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில், மாற்றுத்திறனாளிகளுக்கென்று இயங்கும், நிப்மெட் என்று அழைக்கப்படும் மத்திய அரசு நிறுவனத்தில் இந்தத் துறைப் படிப்புகள் நடக்கின்றன. எங்கே சேர்ந்தாலும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். சேர்க்கை விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் படியுங்கள். அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி, பேச்சுப் பயிற்சிப் படிப்புகளும் உண்டு.

கணிதம் இருப்பதால், மருத்துவக் கருவிகளை உருவாக்கும் பயோமெடிக்கல் எஞ்சினியரிங்கும் படிக்கலாம். உட்கார்ந்திருப்பவரை எழுந்து நிற்க வைக்கும் அரைஸ் சக்கர நாற்காலி 2019-இல் ஐ.ஐ.டி. மெட்ராஸிலிருந்து வந்தது. பேச இயலாத பிள்ளைகள் படத்தைத் தொட்டுப் பேச உதவும் ஆவாஸ் என்ற மென்பொருளும் சென்னையில், மாற்றுத்திறனாளிகளுக்கான வித்யாசாகர் அமைப்பின் பிள்ளைகளோடு சேர்ந்து உருவானதுதான். இந்தப் படிப்புகள் எதிலிருந்தும் பின்னால் ஆராய்ச்சிக்குப் போகலாம்.

ஆரம்பச் சம்பளம் குறைவுதான். அதை அப்பாவிடம் மறைக்காதீர்கள்.

இன்றைக்கே ஒரு நோட்டு போடுங்கள். தம்பி ஸ்பிளின்ட்டை எத்தனை மணிக்குப் போட்டான், எப்போது கழற்றச் சொன்னான், எந்த இடத்தில் சிவந்தது என்று தினமும் எழுதுங்கள். அடுத்த முறை அவனுக்கு அளவெடுக்கப் போகும்போது நோட்டையும் எடுத்துக்கொண்டு அப்பாவையும் கூட்டிப் போங்கள். அச்செடுக்கிற கைகளை அவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.