விண்வெளி வீரர்கள் ஒமேகா கட்டியது ஏன்? ரோலக்ஸ் ஏன் தேறவில்லை?

ராயபுரத்தில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். காசிமேட்டுப் பக்கமிருந்து வரும் வாட்ச்களில் கண்ணாடிக்குள் ஆவி படிந்திருப்பது சகஜம். பின்மூடியைத் திறந்தால் உள்ளே திருகாணி எல்லாம் துரு. விலை என்ன, கம்பெனி எது என்று உப்புக்காற்று பார்ப்பதில்லை. அதனால் நாசா விண்வெளிக்கு வாட்ச் தேர்ந்தெடுத்த கதையில் எனக்குப் பிடித்த இடமே ஈரம்தான்.

1962 மே மாதம் அமெரிக்க விண்வெளி வீரர் ஸ்காட் கார்பென்டர் 24 மணி நேர டயல் வைத்த பிரைட்லிங் கட்டிக்கொண்டு பூமியைச் சுற்றினார். திரும்பிக் கடலில் இறங்கியபோது தண்ணீர் புகுந்து வாட்ச் கெட்டது. பிறகு 1964 கடைசியில் நாசா சில கம்பெனி வாட்ச்களை வாங்கி வதைத்துப் பார்த்தது. ஈரப்பதச் சோதனையில் ரோலக்ஸ் இரண்டு முறை நின்றது. சூட்டில் வினாடி முள் வளைந்து மற்ற முட்களோடு சிக்கிக்கொண்டது. லாஞ்சின்ஸுக்கோ கண்ணாடியே நெளிந்து கழன்றது. தேறியது ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்றுதான். அதுவும் காற்றழுத்தத்தைக் குறைத்தபோது 21 நிமிடம் முன்னே ஓடியது, முடுக்கச் சோதனையில் 15 நிமிடம் பின்தங்கியது. எந்த விளம்பரத்திலும் இதை நான் பார்த்ததில்லை! எப்படியோ, 1965 மார்ச்சில் அனுமதி கிடைத்துவிட்டது.

சண்டை அப்புறம்தான் சூடுபிடித்தது. "சுவிஸ் வாட்ச் எதற்கு, அமெரிக்கப் பொருளை வாங்கு" என்று புலோவா என்ற அமெரிக்க வாட்ச் கம்பெனி அடம்பிடித்தது. அப்போது அதன் தலைவர் ஓமர் பிராட்லி, ஐந்து நட்சத்திர ஜெனரல். வாஷிங்டனில் அவர் பேச்சுக்கு எடை இருந்தது. 1972-ல் மறுபடி சோதனை வைத்தார்கள், மறுபடியும் ஒமேகாதான். ஆனால் அதற்கு முந்தைய வருடமே நிலவில் ஒரு புலோவா நடந்துவிட்டது. அப்போலோ 15-ல் டேவிட் ஸ்காட்டின் ஒமேகாவில் கண்ணாடி கழன்று விழ, மூன்றாவது நடைக்குத் தன் சொந்த புலோவாவைக் கட்டிக்கொண்டார். 2015-ல் அது 16 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது.

ஒமேகாவின் அந்தக் கண்ணாடி உண்மையில் பிளாஸ்டிக். உடைந்தாலும் தூள் தூளாகச் சிதறாது. எடையில்லாத கேபினில் கண்ணாடித் தூள் மிதந்தால் கண்ணிலும் மூச்சிலும் போய்விடும் இல்லையா?

என்னைக் கேட்டால் இந்தப் போட்டியில் ரசனையான ஆள் விண்வெளி வீரர் வில்லியம் போக். 1973-ல் ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையத்துக்குப் போனபோது அனுமதி கேட்காமல் தன் சாதாரண செய்கோ ஆட்டோமேட்டிக்கையும் பாக்கெட்டில் எடுத்துப் போனார். எந்தக் கம்பெனியும் கொடுத்தது இல்லை, அவர் காசு போட்டு வாங்கியது. 84 நாள் பயணம். வாட்சும் நன்றாகவே ஓடியது.

சரி, ஸ்பீட்மாஸ்டர் வாங்கும் எண்ணம் இருந்தால் சஃபையர் கண்ணாடி மாடலை விட்டு பிளாஸ்டிக் கண்ணாடி மாடலையே பாருங்கள். கீறல் விழுந்தால் பித்தளை துலக்கும் பிரேசோ பாலிஷ் கொஞ்சம் போட்டுத் தேய்த்தாலே போய்விடும்.