முன்தேதியிட்ட ராஜினாமா வேண்டாம்

கேள்வி: நானும் என் மைத்துனரும் மட்டுமே டைரக்டர்களாக உள்ள பிரைவேட் லிமிடெட் கம்பெனி. நிர்வாகம் முழுக்க அவர் கையில், நான் பெயருக்குத்தான். இரண்டு வருடமாக ஏஜிஎம் (ஆண்டுப் பொதுக்கூட்டம்) நடக்கவில்லை, ஆர்ஓசிக்குக் (கம்பெனிப் பதிவாளருக்கு) கணக்கும் போகவில்லை. கேட்டால் உறவினர் முன்னால் அவமானப்படுத்துகிறார். பழைய தேதி போட்டு ராஜினாமா கொடுத்துவிடலாம் என்கிறார் கணக்காளர். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள்.

மைத்துனர் பேசியதை ஆர்ஓசி கேட்கப்போவதில்லை. 'பெயருக்குத்தான்' என்பதும் எடுபடாது. நிர்வாக இயக்குநர் என்று யாரையும் நியமிக்காமல், பொறுப்பை போர்டு எழுத்தில் ஒப்படைக்காமல் இருந்தால் எல்லா டைரக்டரும் பொறுப்பாளிகளே.

பார்க்க வேண்டியது ஒன்றுதான்: மூன்றாவது வருடக் கணக்கு தாக்கலாகுமா? தொடர்ந்து மூன்று நிதியாண்டு தவறினால், 2013 கம்பெனிகள் சட்டம் பிரிவு 164(2)-இன்படி ஐந்தாண்டுக்கு வேறு எந்தக் கம்பெனியிலும் டைரக்டர் ஆக முடியாது. 2017-ல் இதில் சிக்கியவர்கள் லட்சக்கணக்கில். ஏஜிஎம் நடக்காததால் கெடு தொடங்கவில்லை என்று நினைக்காதீர்கள். கூட்டம் நடந்திருக்க வேண்டிய கடைசி நாளிலிருந்தே கணக்குத் தாக்கல் படிவமான ஏஓசி-4-க்கு 30 நாள், ஆண்டு விவர அறிக்கைப் படிவமான எம்ஜிடி-7-க்கு 60 நாள்.

இனி அந்த ராஜினாமா. என்னிடம் வந்த ஒருவர் இதையேதான் செய்தார். கடிதத்தில் போட்ட தேதிக்கு எட்டு மாதம் கழித்து, வங்கிக் கடன் புதுப்பிப்பில் டைரக்டர் என்று கையெழுத்திட்டிருந்ததை மறந்துவிட்டார். உங்கள் மைத்துனரோடு தகராறு முற்றினால் அந்தக் காகிதத்தை முதலில் எடுத்து நீட்டுவது அவராகத்தான் இருக்கும். தாமதக் கட்டணத்தோடு முடிய வேண்டியது பொய் விவரம் கொடுத்த குற்றமாகும். பிரிவு 448 நேரே மோசடித் தண்டனைக்கு, 447-க்கு, கொண்டுபோகிறது. சிறை உண்டு. நடக்காத கூட்டத்துக்கு மினிட்ஸ் எழுதினாலும் இதே கதிதான். ராஜினாமா, கம்பெனிக்குக் கடிதம் கிடைத்த நாளிலிருந்தோ நீங்கள் குறிப்பிட்ட நாளிலிருந்தோ, எது பிந்தியதோ அன்றுதான் செல்லும். பதவியில் இருந்த காலத்துத் தவறுகள் அதன் பிறகும் உங்களைத் தொடரும்.

ஆகவே சமரசம் செய்யுங்கள். கோபத்தை ஒதுக்கிவிட்டு உட்காருங்கள். தாமதக் கட்டணம் ஒரு படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய். இரண்டு படிவம் ஒரு வருடம் கிடந்தால் 73,000. பாதி உங்கள் கையிலிருந்து போனாலும் போகட்டும், வழக்கை விட அது மலிவு. தணிக்கையை முடித்து, இரண்டு வருடத்தையும் தாக்கல் செய்தபின், அன்றைய தேதியிட்டு விலகுங்கள். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். உங்கள் விலகலைக் கம்பெனி ஆர்ஓசிக்குத் தெரிவிக்கும் டிஐஆர்-12 படிவத்தை அவர் இழுத்தடித்தால், விலகும் டைரக்டருக்கான டிஐஆர்-11 படிவத்தை நீங்களே தாக்கல் செய்யலாம். உட்காரவே மறுக்கிறாரா? நீங்கள் பங்குதாரராகவும் இருந்தால், கூட்டத்தைக் கூட்ட உத்தரவு கேட்டு பிரிவு 97-இல் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

உங்கள் பெயரில் படிவங்களில் கையெழுத்திடப் பயன்படும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் கணக்காளர் மேசை டிராயரில் கிடந்தால், இன்றே திரும்ப வாங்கிவிடுங்கள்.