தொலைக்காட்சி பேச்சுத் துணை ஆகுமா?

கேள்வி: என் தந்தைக்கு 74 வயது. அம்மா மறைந்தபின் நண்பர்களைப் பார்க்கப் போவதையே விட்டுவிட்டு, தொலைக்காட்சியே கதி என்று இருக்கிறார். இதனால் உடல்நலம் கெடுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கெடக்கூடும். 148 ஆய்வுகளில் இடம்பெற்ற மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்து 2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வு, வலுவான உறவுகள் உடையவர்கள் உயிர்வாழும் வாய்ப்பு ஏறத்தாழ 50 சதவீதம் கூடுதல் எனக் கண்டது. மறதிநோய்க்கு வழிவகுப்பவையாக லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம் 2024-இல் பட்டியலிட்ட, மாற்றத்தக்க 14 காரணிகளில் தனிமைப்படுதலும் ஒன்று. செவித்திறன் குறைவும் அதே பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். பேச்சு சரியாகக் காதில் விழாமல், ஒன்றுகிடக்க ஒன்று சொல்லிவிடுவோமோ என்ற கூச்சத்தாலேயே பலர் கூட்டத்திலிருந்து ஒதுங்குகிறார்கள் என்பதால், முதலில் காதைப் பரிசோதித்துவிடுங்கள்.

நாலு பேரோடு பேசும்போது கேட்டதை மனத்தில் நிறுத்தி, சொல் தேடி, மறுத்துப் பேச வேண்டியிருக்கிறது. தொலைக்காட்சி இவற்றில் எதையும் கேட்பதில்லை. "வெளியே போய்வாருங்கள்" என்று நச்சரிப்பதைவிட, பழைய நண்பர் ஒருவரை மாலைக் காபிக்கு வீட்டுக்கே அழைப்பது எளிது. உறக்கமும் பசியும் இரண்டு வாரங்களுக்கு மேல் குறைந்திருந்தால், துக்கம்தானே என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.